காதும் வளையமும்: சனிக்கோளைக் காண்டலும் சொல்லலும்
(தாராவித் தமிழ்ச் சூழலை முன்வைத்து)

1. நோக்கம்

வானநூல் பற்றிய எளிய நூல்கள் தமிழில் பெயர்க்கப்படும்போது அடிக்கடி இடம்பெறும் கருத்துகளுள் ஒன்று, சனிக்கோளின் வளையத்தைப் பைனாகுலர் கொண்டு பார்க்கலாம் என்பதாகும். இதனை நம்பிப் பத்து மடங்கு உருப்பெருக்கமுள்ள கருவியோடு மாடியேறும் மாணவர் வளையத்தைக் காண்பதில்லை. சற்றே நீண்ட மஞ்சள் ஒளிப்பொட்டு ஒன்றையே காண்கின்றார். அதன்பின் அவர் தம் கண்ணை ஐயுறலாம், கருவியை ஐயுறலாம், அல்லது தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லிவிடலாம். மூன்றும் கல்விக்குக் கேடு பயப்பனவே.

இவ்விடர்ப்பாடு அறிவியல் அறியாமையால் நேர்வதன்று. கண்ணுக்குத் தோன்றுவதையும் அறிவால் துணிவதையும் ஒரே சொல்லால் குறிப்பதால் நேர்வது. எனவே இது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதவேண்டிய சிக்கலாகிறது. சனிக்கோளைத் தமிழர் எவ்வாறு பெயரிட்டனர், அதன் வளையம் எவ்வெச் சொற்களின் வழியே அறியப்பட்டது, அவ்வரலாற்றிலிருந்து இன்றைய மொழிபெயர்ப்பாளர் பெறத்தக்கது யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ், மராத்தி, இந்தி, உருது, குசராத்தி ஆகியன அருகருகே வழங்கும் மும்பையின் தாராவி இதற்குரிய களமாகக் கொள்ளப்படுகிறது. ஒரே பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளின் சொற்களைக் கேட்டு வளரும் தமிழ் மாணவர் அங்கு உள்ளனர் என்பதே காரணம்.

2. கோளின் பெயர்கள்

பழந்தமிழர் கோள்களுக்கு இட்ட பெயர்களிற் சில நிறத்தை அடியாகக் கொண்டவை. செவ்வாய் செந்நிறமாகவும் வெள்ளி வெண்ணிறமாகவும் கண்ணுக்குத் தோன்றுகின்றன. வியாழனுக்குப் பொன் என்ற பெயரும் உண்டு. அதுவும் காட்சியோடு பெரிதும் ஒத்ததே. சனிக்கு வழங்கிய மைம்மீன், காரி, கரியவன், நீலன் என்னும் பெயர்கள் மட்டும் காட்சியோடு ஒத்துவரவில்லை. வெறுங்கண்ணுக்குச் சனி வெளிர்மஞ்சளாகவே தோன்றும். கருமையோ நீலமோ அதில் இல்லை. எனவே இப்பெயர்கள் கண்ட நிறத்தைக் குறிப்பவை அல்ல. அக்கோளின்மேல் ஏற்றப்பட்ட தீமைக் குறிப்பைச் சுட்டுபவை எனக் கொள்வது பொருந்தும். புறநானூற்று 117ஆம் பாடலில் கபிலர், மைம்மீன் புகைதலை மழை பொய்த்தற்குரிய தீக்குறிகளுள் ஒன்றாகக் கொண்டு, அக்காலத்தும் பாரியின் நாடு வளங்குன்றாதிருந்ததைக் கூறுகின்றார். சிலப்பதிகார நாடுகாண் காதையிலும் கரியவன் புகைதல் இத்தகைய தீக்குறியாகவே வருகிறது.

மந்தன், முடவன் என்னும் பெயர்கள் வேறு வகையைச் சார்ந்தவை. சனி என்பதன் மூலமாகிய சனைச்சரன் என்னும் வடசொல்லும் மெல்லச் செல்பவன் என்றே பொருள்படும். இவை நெடுநாள் நோக்கின் பயனாய்ப் பிறந்த பெயர்கள். சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பகுத்தால் இராசி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு; மூன்று இராசிகளுக்கு ஏழரை ஆண்டு. மக்கள் அஞ்சும் ஏழரைச் சனி என்னும் தொடரினுள்ளே ஒரு கோளின் சுற்றுக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு துல்லியமாகப் பொதிந்து கிடக்கிறது. மராத்தியிலும் இந்தியிலும் இது சாடேசாதி எனப்படும். தாராவித் தமிழர் இரு சொற்களையும் அறிவர். திருநள்ளாற்றையும் அறிவர், மராத்திய நாட்டுச் சனி சிங்கணாப்பூரையும் அறிவர்.

இங்குக் கருதத்தக்க இன்னொரு தொடர் சனிப் பார்வை என்பது. இத்தொடரில் பார்க்கும் வினைக்கு எழுவாய் கோள், பார்க்கப்படுபவர் மனிதர். சனீசுவரர் திருமுன்னில் நேர் எதிரே நில்லாது சற்று விலகி நின்று வணங்கும் வழக்கமும் இக்கருத்தின் விளைவேயாகும். கருவியை ஏந்தி அக்கோளை நோக்குபவர் இந்த எழுவாயை மாற்றுகின்றார். ஆதலின் சனியைப் பார்த்தல் என்னும் தொடர் தமிழில் வெறும் செய்தித் தொடராக நின்றுவிடுவதில்லை. அதனைப் பெயர்த்தெழுதுபவர் இதனை மறத்தலாகாது.

3. வாக்கியமும் திருக்கும்

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப்படும். இப்பெயர்களே நம் பொருளுக்கு இன்றியமையாத வேறுபாட்டைக் காட்டுகின்றன. வாக்கியம் என்பது எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளித்து, மனப்பாடம் செய்யத்தக்க தொடர்களாகக் கோள்நிலைகளைக் கட்டிவைக்கும் முறை. சந்திரனுக்குரிய 248 வாக்கியங்கள் இவற்றுள் பெயர்பெற்றவை. திருக்கு என்பது பார்வையைக் குறிக்கும் திருச் என்னும் வடசொல்லின் வழியது. கண்டு ஒப்பிட்டுத் திருத்திய கணிதம் என்பது திருக்கணிதத்தின் பொருள். கேரளத்துப் பரமேசுவரர் 1431இல் இயற்றிய நூலுக்குத் திருக்கணிதம் என்றே பெயர்.

வாக்கிய முறையை எளிதில் தள்ளிவிட இயலாது. ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலில், தமிழ்க் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தின் காலத்தைக் கணித்துக் காட்டிய செய்தி உள்ளது. அக்கிரகணத்தின் நடுப்பொழுதைக் கணித்ததில் நேர்ந்த பிழை அரைமணிக்கும் குறைவே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1829இல், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் குருமடத்தின் டானியல் பூவர், பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாத்திரியாரின் கிரகணக் கணக்கில் பிழையுண்டு எனக் கூறி, அதனை வானத்தைக் காட்டியே மெய்ப்பிக்க முற்பட்டார். தமிழர் நடுவே கண்காட்சி கணிதத்தின் சான்றாக வெளிப்பட முன்வைக்கப்பட்ட நிகழ்ச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் (மறைவு 1880) இவ்விரு மரபுகளையும் அறிந்தவர். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளிமாறு விண்மீனைக் கண்டறிந்தவர்; திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். 1874ஆம் ஆண்டு வெள்ளி ஞாயிற்றைக் கடந்த நிகழ்வை முன்னிட்டு அவர் எழுதிய சிறுநூல் உரையாடல் வடிவில் அமைந்தது. கண்டது எது, கணித்தது எது என்பதைப் பொதுமக்களுக்குப் பிரித்து விளக்கும் பணியை ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே மேற்கொண்டவர் எனும் வகையில் அவர் மொழிபெயர்ப்பாளர்க்கு முன்னோடியாவார்.

இவ்வேறுபாடு பழங்கதையாகிவிடவில்லை. திருக்கணிதப்படி 2023 சனவரி 17இல் நிகழ்ந்த கும்பச் சனிப்பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அவ்வாண்டு திசம்பர் 20இல் கொண்டாடப்பட்டது. இடைவெளி பதினொரு திங்கள். மாட்டுங்கா நிலையத்தை அடுத்த கடைகளில் வாங்கிய தமிழ்ப் பஞ்சாங்கமும், 1973 முதல் மும்பையிலிருந்து வெளிவரும் காலநிர்ணய நாட்காட்டியும் ஒரே சுவரில் தொங்கும் வீட்டில், சனி பெயர்ந்துவிட்டதா இல்லையா என்னும் வினா எழுதல் இயல்பு. பைனாகுலர் இதற்கு ஓரளவே விடை தரும். எந்த விண்மீனுக்கு அருகில் சனி நிற்கிறது என்பதை அது காட்டும். இராசிகளின் எல்லைக்கோட்டைக் காட்டாது. அக்கோடு வானில் இல்லை, வழக்கில் உள்ளது.

4. வளையம் என்னும் சொல் பிறந்த வரலாறு

கலிலியோ 1610ஆம் ஆண்டு சூலையில், ஏறத்தாழ இருபது மடங்கு உருப்பெருக்கமுள்ள தம் தொலைநோக்கியைச் சனியின்பால் திருப்பினார். அவர் கண்டது வளையமன்று. பெரிய உருண்டை ஒன்றும் அதன் இருபுறமும் ஒட்டிநின்ற இரு சிறு உருண்டைகளுமே. மூன்று கோள்கள் சேர்ந்து ஒன்றாய் நிற்கின்றன என அவர் கருதினார். முன்னரே வியாழனின் துணைக்கோள்களைக் கண்டறிந்திருந்தவர் ஆதலின், துணை என்னும் கருத்து அவருக்கு ஆயத்தமாய் இருந்தது. 1612இல் இருபுற உருண்டைகளும் மறைந்துபோயின. வளையத்தின் விளிம்பு நேராக நம்மை நோக்கியதால் நேர்ந்த மறைவு அது என இன்று நாம் அறிவோம். அவருக்கோ அது பெரும் புதிராயிற்று. 1616இல் மீண்டும் நோக்கியபோது இருபுறமும் வளைந்த பிடிகள் போன்ற உருவை வரைந்தார்.

அதனையடுத்த நாற்பது ஆண்டுகளில் ஐரோப்பிய நோக்கர் இவ்வுறுப்புகளைக் குறிக்கப் பாத்திரத்தின் கைப்பிடி எனப் பொருள்படும் ஆன்சா என்னும் இலத்தீன் சொல்லை ஆண்டனர். காது எனவும் சுட்டினர். வளையத்தின் இரு முனைகளையும் வானியலார் இன்றும் ஆன்சா என்றே வழங்குகின்றனர். கிறித்தியான் ஐகன்சு 1655இல் சனியின் துணைக்கோளாகிய டைட்டனைக் கண்டறிந்தார். கோளைத் தொடாமல் அதனைச் சூழ்ந்து நிற்கும் மெல்லிய தட்டை வளையமே பிடிபோல் தோன்றுகிறது என்னும் விளக்கத்தை 1656இல் எழுத்துகளைக் கலைத்த புதிராக அறிவித்து, 1659இல் முழுநூலாக வெளியிட்டார். அவர் கருவி முன்னையோர் கருவிகளினும் மேம்பட்டதே. எனினும் கருவி மட்டும் வளையத்தைக் காட்டிவிடவில்லை. ஆண்டுதோறும் மாறிய தோற்றங்களை ஒரே வடிவத்தின் சாய்வு வேறுபாடுகளாக இணைத்துத் துணிந்த பின்னரே அச்சொல் பிறந்தது.

அச்சொல்லும் நிலைத்த உண்மையாக நின்றுவிடவில்லை. 1675இல் காசினி வளையத்தினூடே ஓர் இருண்ட இடைவெளியைக் கண்டார். ஆகவே ஒன்று என்பது பல ஆயிற்று. திண்மையான ஒரே வளையம் நிலைத்திருக்க இயலாது, அது எண்ணற்ற சிறு துணுக்குகளின் திரளாதல் வேண்டும் என மாக்சுவெல் 1859இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கினால் நிறுவினார். 1895இல் கீலர், வளையத்தின் உட்பகுதி விரைவாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவதை நிறமாலையால் காட்டி அதனை உறுதிப்படுத்தினார். முதன்மை வளையங்களின் குறுக்களவு ஏறத்தாழ 2,73,000 கிலோமீட்டர். தடிப்போ பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள் அடங்கும். உருண்டை, காது, வளையம், திரள் என்னும் நான்கு சொற்களும் இவ்வாறு வரலாற்றின் நான்கு படிகளாகின்றன.

5. சென்னையும் காவலூரும்

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் இடமுண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த கேப்டன் டபிள்யூ. எசு. சேக்கப், 6.2 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியால் 1852இல் சனியை நோக்கினார். வளையங்களுள் உள்ளமைந்த மங்கிய வளையம் ஈராண்டுகளுக்கு முன்னரே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கண்டறியப்பட்டிருந்தது. அவ்வளையத்தினூடே கோளின் விளிம்பு தெரிகிறது என்பதைச் சேக்கப் கண்டார். அதே ஆண்டில் மால்ட்டாத் தீவிலிருந்து இலாசெல் என்பாரும் இதனைக் கண்டார். ஊடே தெரிவது திண்பொருளாகாது. ஆதலின் நுங்கம்பாக்கத்துக் காட்சி, வளையம் என்னும் சொல்லின் திண்மையைத் தளர்த்திய சான்றுகளுள் ஒன்று எனலாம்.

சவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் நிகழ்ந்தது இதனினும் கருதத்தக்கது. 1977 மார்ச்சு 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியை சே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகியோர் அங்கு நோக்கினர். கோள் மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி சிறிது நேரம் மங்கியது. அதனை அவர்கள் முதலில் ஒரு புதிய துணைக்கோளின் மறைப்பாகக் கொண்டே நேச்சர் இதழில் எழுதினர். வேறிடங்களில் நோக்கியோரின் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அம்மங்கல் யுரேனசைச் சூழ்ந்த வளையத்தால் நேர்ந்தது எனத் துணியப்பட்டது. கலிலியோ இரு துணைகள் எனக் கருதியது பின்னர் வளையமானது போலவே, காவலூரில் துணைக்கோள் எனக் கருதப்பட்டதும் வளையமாயிற்று. காட்சி ஒன்றே, சொல் மாறியது. இது நோக்கியவர்களின் குறைபாடன்று. கண்டதைக் கண்டபடி பதிவுசெய்திருந்தமையால்தான் சொல்லைப் பின்னர்த் திருத்த முடிந்தது.

6. பைனாகுலர் காட்டுவது யாது?

இனி, மாடியில் நிற்கும் மாணவர்பால் வருவோம். சனி நமக்கு அண்மையில் வரும் காலத்தில் அதன் வளையத்தின் தோற்ற நீளம் ஏறத்தாழ 44 விகலை. கோளின் தோற்ற விட்டம் ஏறத்தாழ 20 விகலை. (60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை.) ஒளிமிக்க வளையத்தின் உள்விளிம்புக்கும் கோளுக்கும் இடையேயுள்ள இருண்ட வெளி ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 5 விகலையே. மனிதக் கண் இரு புள்ளிகளைப் பிரித்தறிய அவற்றிடையே ஏறத்தாழ 60 விகலை இடைவெளி வேண்டும். ஒளிப்பொருளாயின் அதன் இருமடங்கு இருத்தல் நன்று.

10×50 என்னும் கருவியில் பத்து என்பது உருப்பெருக்கம். ஐம்பது என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இக்கருவியில் 44 விகலை 440 விகலையாக விரியும். அது வெறுங்கண் காணும் நிலவின் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆகவே உருவம் நீண்டிருப்பது தெரியும். ஆனால் 5 விகலை இடைவெளி 50 விகலையாகவே விரியும். அது கண்ணின் எல்லைக்குள் வாராது. இடைவெளி தெரியாத வளையம் வளையமாகத் தோன்றாது. கோளோடு ஒட்டி நீள்வட்டமாகவே தோன்றும். பதினைந்து அல்லது இருபது மடங்கில், கருவி அசையாமல் நிறுத்தப்பட்டால், இருபுறமும் காதுபோன்ற புடைப்பு தோன்றத் தொடங்கும். இருபத்தைந்து மடங்கில் அவ்விடைவெளி 125 விகலையாகும். அப்போது கோளும் வளையமும் பிரிந்து தெரியும்.

கலிலியோவின் 1610, 1616ஆம் ஆண்டுத் தோற்றங்களும் ஐகன்சின் விளக்கமும் அமைந்த வரிசை, உருப்பெருக்கம் கூடக்கூட நாம் காணும் வரிசையோடு பெரிதும் ஒத்திருக்கிறது. நான்கு நூற்றாண்டு வரலாற்றின் முதற்பகுதியைப் பைனாகுலர் ஏந்தியவர் தம் கண்ணால் மீண்டும் கடக்கின்றார் எனலாம். இதனைக் கற்போர்க்குச் சொன்னால் நீள்வட்டத்தைக் கண்டவர் ஏமாற்றம் அடையார். தாம் கலிலியோவின் படியில் நிற்பதை உணர்வார்.

ஆண்டும் கருதத்தக்கது. வளையத்தின் விளிம்பு 1995–96இலும் 2009 செப்டம்பரிலும் 2025 மார்ச்சிலும் புவியை நேராக நோக்கியது. அக்காலங்களில் பைனாகுலரில் நீட்சி கூடத் தெரியாது. மூடிய நிலையிலிருந்து முழுதும் விரிந்த நிலையை எய்த, சுற்றுக்காலத்தில் நான்கிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஏழரை ஆண்டு, வேண்டும். ஏழரை என்னும் எண் இங்கு மீண்டும் வருவது சோதிடத்தின் பொருட்டன்று. இரண்டும் ஒரே சுற்றின் கால்பங்கு என்பதன் பொருட்டே. அவ்வகையில் வளையம் 2032இல் மிக விரிந்து தோன்றும். அவ்வாண்டில் சனி திசம்பர்த் திங்களில் நள்ளிரவை ஒட்டி மும்பையில் ஏறத்தாழ உச்சிவானில் நிற்கும். மழைமுகில் விலகிய பருவமும் அதுவே. இருபுறமும் சுவர்கள் நெருங்கிய தாராவிச் சந்துகளில் தலைக்கு நேர்மேலான வானக்கீற்றே பெரும்பாலும் தெரியும். அக்கீற்றினுள் சனி வரும் காலம் அது. நகரின் விளக்கொளி மங்கிய விண்மீன்களை மறைக்குமேயன்றிச் சனியை மறைப்பதில்லை.

7. தாராவியின் சொற்சூழல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே திருநெல்வேலிப் பகுதியினர் உள்ளிட்ட தமிழர் தோல் பதனிடுதல் முதலிய தொழில்களை நாடித் தாராவியில் குடியேறினர். மும்பை மாநகராட்சி பிற மொழிகளோடு தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்திவருகிறது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் அலுவலகத்தில் மராத்தியுமாக வளரும் மாணவர், ஒரே கருவியையும் ஒரே கோளையும் பல பெயர்களால் கேட்கின்றார்.

தொலைநோக்கியை மராத்தியர் துர்பீண் என்பர். இந்தியிலும் உருதுவிலும் அது தூர்பீன். தொலைவு எனப் பொருள்படும் தூர், காண்பது எனப் பொருள்படும் பீன் என்னும் பாரசீகச் சொற்களால் ஆகிய அது, தொலைநோக்கி என்னும் தமிழ்ச்சொல்லின் அமைப்பையே உடையது. பைனாகுலரை மராத்தி வானநூலார் துவிநேத்திரி, அதாவது இருகண்ணுடையது, என்பர். தமிழில் இருகண் நோக்கி எனக் கலைச்சொல் அமைந்திருப்பினும் பேச்சில் வழங்குவது பைனாகுலரே.

வளையத்திற்கு வரும்போது வேறுபாடு ஆழமாகிறது. மராத்தியில் சனியின் வளையங்களைக் கடீ என்பர்; கையிலோ காலிலோ அணியும் திண்ணிய காப்பைக் குறிக்கும் கடே என்பதன் பன்மை அது. இந்தியில் வலயம் என்றும், மோதிரம் போன்ற சிறுவளையத்தைக் குறிக்கும் சல்லா என்றும் இருவகையாக வழங்குவர். தமிழ் வளையம், வளை என்னும் வினையோடு இன்றும் உறவுடையதாய் நிற்கிறது. அதனால் அணிகலன் என்னும் பொருள் முந்தாது, வளைந்த வடிவம் என்னும் பொருளே முந்துகிறது. திண்மையை வலியுறுத்தாத சொல் நமக்கு வாய்த்திருப்பது நற்பேறு. பன்மையில் வளையங்கள் என எழுதுதல் இதனை மேலும் செம்மையாக்கும்.

ஆன்சா என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? கைப்பிடி என்பது அகராதி வழி. ஆயின் தமிழர் அடுக்களையில் அண்டாவின் இருபுறப் பிடிகளும் வாணலியின் பிடிகளும் காது எனப்படும். செவி, பிடி என ஐரோப்பிய நோக்கர் இரு வேறு சொற்களால் குறித்த இரண்டையும் தமிழில் காது என்னும் ஒரே சொல் தாங்குகிறது. விழாவிற்கும் திருமணத்திற்கும் அண்டா ஏற்றிச் சமைப்பதைக் கண்டுள்ள தாராவிச் சிறுவர்க்கு, இருபுறமும் காதுள்ள பாத்திரம் போலச் சனி தோன்றும் என்றால் வேறு விளக்கம் வேண்டா.

8. வினைச்சொல் தேர்வு

பெயர்ச்சொல்லினும் வினைச்சொல்லே இங்கு மொழிபெயர்ப்பாளரின் கவனத்தை மிகுதியும் வேண்டுகிறது. நோக்குதல், பார்த்தல் என்பன முயற்சியைக் குறிப்பன. காணுதல் அம்முயற்சியின் பயனைக் குறிப்பது. தெரிதல், தோன்றுதல், புலப்படுதல் என்பன பொருளை எழுவாயாக்கி நிற்பன. தோன்றுதல் என்பது மெய்யுருவைப் பற்றி உறுதி கூறாது. தெரிதல் ஓரளவு உறுதி கூறும். புலப்படுதல் முயற்சிக்குப் பின் பொருள் தெளிவாவதைச் சுட்டும். அறிதலும் துணிதலும் கண்ணைக் கடந்தவை.

எடுத்துக்காட்டாக, பைனாகுலரில் வளையத்தைப் பார்க்கலாம் என்பதனினும், பத்து மடங்குப் பைனாகுலரில் சனி நீண்டு தோன்றும். இருபது மடங்கில் இருபுறமும் காது புலப்படத் தொடங்கும். அந்நீட்சி வளையங்களால் ஆவது என அறிகிறோம் எனப் பிரித்து எழுதுவது தகும். மூலத்தில் ஒரே வினை இருப்பினும் தமிழில் மூன்றாகப் பிரித்தல் பிழையன்று, கடமையே. மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்பது மூலம் சுட்டும் பொருளுக்கும் உண்மையாயிருத்தலை உள்ளடக்கியது. பைனாகுலரைக் கையில் பிடிக்காமல் கைப்பிடிச் சுவர் மீதோ முக்காலி மீதோ நிறுத்துக என்னும் குறிப்பையும் சேர்த்தல் வேண்டும். நடுங்கும் கையில் நீட்சியும் புலப்படாது.

தாராவியை ஒட்டிய சயான் பகுதியையும் உள்ளடக்கி மும்பையில் வானநோக்குக் குழுக்கள் இயங்கிவருகின்றன. ஹாலி வால்வெள்ளி வந்த 1985–86ஐ ஒட்டித் தோன்றிய ககோள் மண்டல் அமைப்பு, வாங்கணி போன்ற புறநகர்ப் பகுதிகளில் இரவு முழுதும் நோக்கும் நிகழ்ச்சிகளை நடத்திவந்துள்ளது. ஒர்லியில் 1977இல் தொடங்கப்பட்ட நேரு கோளரங்கமும் உள்ளது. இத்தகைய இடங்களுக்குச் செல்லும் தமிழ் மாணவர் கையில், கண்டதைக் கண்டபடி சொல்லத்தக்க சிறு தமிழ்க் கையேடு ஒன்று இருத்தல் பயனுடையது. அதற்குரிய சொற்கள் புதிதாக ஆக்கப்பட வேண்டியவை அல்ல. பெரும்பாலும் வழக்கிலேயே உள்ளன.

9. முடிவுரை

மைம்மீன் என்னும் பெயர் கண் காணாத கருமையைக் கோளின்மேல் ஏற்றியது. மந்தன் என்னும் பெயர் பல்லாண்டு நோக்கின் பயனை உரைத்தது. வாக்கியம், திருக்கணிதம் என்னும் பெயர்கள் மனப்பாட அறிவையும் கண்வழி அறிவையும் வேறுபிரித்தன. உருண்டை, காது, வளையம், திரள் என்னும் நான்கு படிகளும் ஒரே பொருளின் அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதைக் காட்டின. நுங்கம்பாக்கமும் காவலூரும் இப்படிகள் தமிழ் மண்ணிலும் கடக்கப்பட்டமைக்குச் சான்றாகின்றன.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்றே. சொல் கண்ணுக்கு முன்னே ஓடுமாயின், காண்பவர் தாம் காணாததைக் கண்டதாகச் சொல்லப் பழகுவர்; அப்பழக்கம் அச்சத்தால் வணங்குவோர்க்கும் அறிவியல் கற்போர்க்கும் பொதுவான கேடாகும். தோன்றுவதைத் தோன்றுகிறது எனவும் அறிவதை அறிகிறோம் எனவும் பிரித்துரைக்கும் வினைவளம் தமிழில் உள்ளது. 2032 வரையிலான ஆண்டுகளில் வளையம் படிப்படியாக விரிந்துவரும். ஒரே பைனாகுலரால் ஆண்டுதோறும் நோக்கி, தோன்றிய வடிவை வரைந்து, அதற்குத் தம் சொல்லில் பெயரெழுதி வைக்கும் பயிற்சியைத் தமிழ்வழி மாணவர்க்கு அளிக்கலாம். அவ்வேடுகள் வானநூலுக்கு எவ்வளவு பயன்படுமோ, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்கும் அவ்வளவு பயன்படும்.